பேய்க்குக் கஞ்சி ஊற்றிய வீடு

போன ஞாயிறு ராத்திரி, 1987-ல் வந்த ஹாங்காங் படம் 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி'யை நாலாவது தடவையாகப் பார்த்தேன். சிங் சியு-துங் இயக்கம், சுய் ஹார்க் தயாரிப்பு. பாக்கி வசூலிக்கப் போகிற அப்பாவி லெஸ்லி சியுங்; ஆளை மயக்கி மரப்பிசாசுக்கு இரையாக்குகிற பேய்ப்பெண் ஜோயி வாங். கடைசியில், விடிகிற வெளிச்சம் அவள்மேல் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னலை அடைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல். மூலக்கதையில் அவர்கள் பிரிவதே இல்லை!

அந்த மூலக்கதையை எழுதியவர் சீனாவின் பூ சோங்லிங் (1640–1715). ஷாண்டோங்காரர். அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஏறக்குறைய 500 கதைகள். அவர் செத்து அரை நூற்றாண்டு கழித்து 1766-ல்தான் அச்சேறின.

அவர் கதையில் அந்தப் பையன் அவள் எலும்புகளைத் தோண்டி எடுத்துவந்து தன் வீட்டருகே புதைக்கிறான். பின்னாலேயே அவளும் வந்துவிடுகிறாள். அவன் அம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். பகலெல்லாம் அடுப்படி வேலை வாங்கிக்கொள்வாள்; பொழுது சாய்ந்தால் "நீ கிளம்பும்மா" என்று அனுப்பிவிடுவாள். நாள்பட நாள்பட, அவள் பேய் என்பதே கிழவிக்கு மறந்துபோகிறது. தன்கூடவே படுக்க வைத்துக்கொள்கிறாள். வந்த புதிதில் எதையும் வாயில் வைக்காதவள், ஆறு மாதம் போனபின் நீர்த்த கஞ்சியை மெதுவாகக் குடிக்கத் தொடங்குகிறாள்.

அந்தக் கஞ்சிதான்யா கதை! படத்தில் வருகிற வாளும் பிசாசின் நீள நாக்கும் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். பேய் மனுஷியாவதை ஒரு கிண்ணத்தில் காட்டியவர் பூ சோங்லிங். சினிமா அதை விட்டுவிட்டது.

(இடையில் ஒன்று: அவள் ஆட்களுக்கு ஆசைகாட்டுகிற தங்கம் உண்மையில் 'லுவோசா' எலும்பாம். லுவோசா வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனா போன நம்ம ராட்சசன்.)

அவருடைய இன்னொரு கதையை வைத்து எடுத்த 'பெயிண்டட் ஸ்கின்' (2008) படம் இன்னும் மோசம். மூலத்தில் பச்சைமூஞ்சிப் பேய் ஒன்று மனிதத் தோலைக் கட்டிலில் விரித்துப் போட்டு, தூரிகையால் வண்ணம் தீட்டுகிறது; அதைப் போர்த்தி அழகியாக வந்து, ஆசைப்பட்ட ஒருவனைக் கொல்கிறது. செத்த அந்தப் புருஷனை மீட்க, அவன் பெண்டாட்டி சந்தையில் ஊரே பார்க்க ஒரு பைத்தியக்காரப் பிச்சைக்காரனின் கோழையை விழுங்குகிறாள். ஆசைப்பட்டவன் அவன், அசிங்கப்பட்டவள் இவள். படமோ அதை நரிப்பெண்ணின் முக்கோணக் காதலாக்கி, கிராபிக்ஸ் தூவிவிட்டது. நரிப்பெண்ணாக ஜோ ஷுன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், என்ன செய்ய.

மற்றபடி, லெஸ்லி தொட்டித் தண்ணிக்குள் மூச்சடக்கி ஒளிந்திருக்கிற அந்தக் காட்சிக்காக அஞ்சாவது தடவையும் பார்ப்பேன். அது வேற விஷயம்.