ஒரு சாவியை எல்லாவற்றுக்கும் சாட்சி ஆக்காதீர்கள்

லினக்ஸில் அப்டேட் ஓட்டும்போது ‘நோ பப்கீ’ (கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி இல்லை) என்று பிழை வந்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தேடி, முதலில் கிடைக்கும் சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓடும்) கமாண்டை டெர்மினலில் ஒட்டிவிடுவார்கள். பிழை மறைந்துவிடும். ஆனால் யாருடைய சாவியை உள்ளே விட்டோம் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கவலை உண்டு.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் பொதுவாக ஒவ்வொரு பேக்கேஜுக்கும் (நிறுவும் மென்பொருள் கோப்புக்கும்) தனிக் கையொப்பம் கிடையாது. பேக்கேஜ்களின் கிடங்கான ரிபாசிட்டரியின் ‘ரிலீஸ்’ கோப்புக்குத்தான் கையொப்பம். அதில் பேக்கேஜ் பட்டியல்களின் ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாள எண்) இருக்கும், பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் இருக்கும். மொத்தச் சங்கிலியும் அந்த ஒற்றைக் கையொப்பத்தில் தொங்குகிறது. இவற்றின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட்டின் பழைய ஆப்ட்-கீ கமாண்டில் சேர்த்த சாவியோ எந்த ரிபாசிட்டரிக்கும் செல்லும். ஒரு எடிட்டருக்காகச் சேர்த்த சாவியின் ரகசிய இணை (கையொப்பம் போடும் சாவி) திருடுபோனால், இடையில் புகுந்தவர் அதை வைத்தே டெபியனின் பெயரில் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக்கூட அனுப்பலாம். ஒரு பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவரை ஊரிலுள்ள எல்லாப் பத்திரத்துக்கும் சாட்சி ஆக்குவது போன்றது இது.

ஆப்ட்-கீயை 2020-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில், சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, ரிபாசிட்டரியின் முகவரி உள்ள சோர்ஸ் வரியில் ‘சைன்ட்-பை’ என்று அதைச் சுட்ட வேண்டும். அப்போது அந்தச் சாவி அந்த ஒரு ரிபாசிட்டரிக்கு மட்டும்தான். இதுவும் முழுக் காவல் இல்லை. அந்த ரிபாசிட்டரிக்காரரே ஓப்பன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) என்ற பெயரில் இன்னும் பெரிய பதிப்பு எண்ணோடு ஒன்றை வைத்தால் ஆப்ட் அதைத்தான் எடுக்கும். அதைத் தடுக்க, எந்த ரிபாசிட்டரிக்கு முன்னுரிமை என்று குறிக்கும் பின்னிங் வேண்டும்.

அப்புறம், சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் நாற்பது எழுத்து. அதன் கடைசி எட்டு எழுத்துள்ள குறுகிய ஐடியை நம்பவே கூடாது. அதே ஐடி வரும் போலிச் சாவியைச் சில நொடிகளில் உருவாக்க முடியும் என்று 2014-லேயே செய்து காட்டினார்கள். நாற்பது எழுத்தையும் ஒப்பிடுங்கள், அதுவும் சாவியை இறக்கிய சர்வரில் இல்லாமல் வேறொரு வழியில் கிடைத்த கைரேகையோடு.

இதெல்லாம் வீண் பயம் என்பவர்களுக்கு 2008 ஆகஸ்ட்டை நினைவுபடுத்துகிறேன். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் கணினிகளில் புகுந்தவர் சில ஓப்பன்எஸ்எஸ்எச் பேக்கேஜ்களுக்குக் கையொப்பமே போட்டுவிட்டார். ரெட் ஹாட் ஆதரிக்கும் லினக்ஸான ஃபெடோராவின் சர்வர்களும் அப்போது ஊடுருவப்பட்டன. அங்கே சாவி களவுபோனதற்குச் சான்று இல்லாதபோதும் சாவிகளை மாற்றினார்கள். அந்த எச்சரிக்கை உணர்வை நான் மதிக்கிறேன்.

மென்பொருள் வெளியிடும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவல் பக்கத்தில் இன்னும் ஆப்ட்-கீ வரி இருந்தால் இன்றே நீக்குங்கள். சாவி காலாவதியாகும் முன்பே புதியதைச் சாவிகள் அடங்கிய கீரிங் பேக்கேஜ் வழியாக அனுப்பிவிடுங்கள். டெபியன் அப்படித்தான் செய்கிறது. அனுப்பாவிட்டால், உங்கள் பயனர்தான் திரும்பவும் எங்கோ கிடைத்த கமாண்டை ஒட்டுவார்.