கோடையில் வரும் மாணவர்களை ஆள் சேர்க்க அனுப்பாதீர்கள்

மே மாதம் பிறந்தால் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் கையில் ஒரு கல்லூரிக் கடிதத்தோடு மாவட்டத் தலைநகரங்களில் வந்து இறங்குவார்கள். சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் இந்தக் களப்பயிற்சியை பிளாக் பிளேஸ்மென்ட் என்போம். ஒரு மாதம், சில கல்லூரிகளில் கொஞ்சம் கூடுதல். நிறைய பேருக்குக் கிடைப்பது கிராமப்புற இளைஞர்களுக்கான திறன் பயிற்சித் திட்டங்கள். நானும் தென்மாவட்டம் ஒன்றில் அப்படி ஒரு கோடையைக் கழித்தவள்தான், இன்றைக்கும் இதே துறையில் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்தப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஆள் சேர்க்க அனுப்புவதை நிறுத்துங்கள். போன வருஷம் பயிற்சி முடித்தவர்களின் வீட்டுக்கு அனுப்புங்கள்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இருக்கிறது, 15 வயது முதல் 35 வரை சேரலாம். மாநில அரசின் நான் முதல்வன் 2022இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்றால் ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்தான். 1982இல் கர்நாடகாவின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய ஒரு பயிற்சி நிலையத்தைப் பார்த்துத்தான், பிற்பாடு மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். தையல், ஆரி வேலை, செல்போன் சர்வீஸ், டூவீலர் மெக்கானிக், கோழி வளர்ப்பு என்று குறுகிய காலப் பயிற்சி. சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்து, கடன் வாங்கவும் தொழில் தொடங்கவும் கைகொடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு வருஷம்தான்.

ஆனால் மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை என்ன? பேட்ச் நிரம்ப வேண்டும். ஒரு பேட்ச்சுக்கு 25 முதல் 35 பேர் வேண்டும். நோட்டீஸ் கொடு, மே 1 கிராம சபைக் கூட்டத்தில் ஓரமாக ஒரு மேசை போடு, பெயர் எழுது, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ வாங்கு. மகளிர் குழுத் தலைவிகளிடம் "ரெண்டு பொண்ணு அனுப்புங்கக்கா" என்று கேள். கத்திரி வெயிலில் ஊர் ஊராக அலைந்து மாணவர்கள் கற்றுக்கொள்வது படிவம் நிரப்புவதை மட்டும்தான். கல்லூரிக்குப் போகும் அறிக்கையிலும் எத்தனை ஊர், எத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் இருக்கும்.

பயிற்சி நிலையத்தில் வேலை செய்பவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஓர் இயக்குநர், ஒன்றிரண்டு பயிற்றுநர்கள், அலுவலகத்துக்கு ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். ஒரு பேட்ச் முடியும்போது அடுத்த பேட்ச் வாசலில் நிற்கும். போன பேட்ச்சைப் பற்றிப் போனில் கேட்டு 'செட்டில்' ஆனவர் (அதாவது தொழிலோ வேலையோ தொடங்கியவர்), ஆகாதவர் என்று பதிவு செய்யவே நேரம் சரியாக இருக்கும். வீடு தேடிப் போக அவர்களிடம் ஆளில்லை. அந்த ஆள்தான் மே மாதத்தில் கடிதத்தோடு வந்து நிற்கிறார் என்கிறேன்.

வீடு தேடிப் போனால் என்ன தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆரி எம்பிராய்டரி முடித்த ஒரு பெண். கல்யாணமாகிக் கைக்குழந்தை. போனில் கேட்டபோது "இப்ப ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். பட்டியலில் 'செட்டில் ஆகவில்லை' என்று போய்விட்டது. நேரில் போனபோது ஆரி ஸ்டாண்டு பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தது. அதன் துணியில் பாதி முடிந்த மாங்காய் டிசைன், ஊசி அப்படியே குத்தி நின்றது. ஆர்டர் இல்லையா என்று கேட்டேன். "ஆர்டருக்குக் குறைச்சல் இல்லம்மா. கல்லு, ஜரி, பாசி எல்லாம் நான் கைக்காசு போட்டு மதுரையில வாங்கியாரணும். அவுங்க கல்யாணம் முடிஞ்சு ஆற அமரத்தான் துட்டு தருவாங்க. வைகாசியில மூணு பிளவுஸ் ஒண்ணா எடுத்தா நான் எங்க போவேன்?"

அவருக்கு வேலை தெரியும், வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். தேவைப்பட்டது சில ஆயிரம் ரூபாய் கைமுதல். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கொடுக்கலாம், 2015இலிருந்து இருக்கிறது. அவரும் வங்கிக்குப் போயிருக்கிறார். கொட்டேஷன் கேட்டார்கள், சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு கேட்டார்கள். உதயம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, அதற்கும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்திருக்கிறார். அப்புறம் பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்று காட்டும் சிபில் பார்த்தார்கள். குழுக்கடனில் யாரோ கட்டாத தவணை அதில் வந்து நின்றது. மறுபடி வரச் சொன்னார்கள், இவர் போகவில்லை. இத்தனையும் போனில் கேட்டால் வராது. திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, பேச்சோடு பேச்சாகத்தான் வரும். ஒரு மாணவிக்கு அதைவிடப் பெரிய பாடத்தை எந்த வகுப்பும் கொடுக்காது. அந்தப் பெண்ணுக்கும் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்து, வங்கி வரைக்கும் கூட வர ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, கோடை என்பது ஊர்த் திருவிழாக் காலம். திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன பையன்கள் சித்திரை, வைகாசியில் காப்புக் கட்டியதும் ஊருக்கு வந்துவிடுவார்கள். "இந்த வாரம் திருவிழா, யாரும் சேர மாட்டாங்க" என்று அந்த ஊரைத் தள்ளிவைப்பது வழக்கம். ஆள் சேர்க்கும் கண்ணோடு பார்த்தால் அது சரி. ஆனால் வருஷம் முழுக்கப் பார்க்கவே முடியாத பையன்கள் மொத்தமாகப் பந்தலடியில் உட்கார்ந்திருக்கும் வாரமும் அதுதான். ஏன் போனார்கள், எது இருந்தால் திரும்புவார்கள் என்று கேட்பதற்கு வேறு நாள் கிடையாது. டூவீலர் மெக்கானிக் பயிற்சி முடித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போன ஒரு தம்பி சொன்னான்: "வேலை தெரியும்க்கா. ரோட்டோரம் கடை போட எடம் யாரு தருவா? வாடகை, அட்வான்ஸ்னு கேட்டா டவுனுக்கே போயிரலாம்னு தோணுது." பயிற்சி நாட்களைக் கூட்டினாலும் குறைத்தாலும் இவனுக்கு எதுவும் மாறாது. பஞ்சாயத்துக் கடைகளில் ஒன்றை இப்படிப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்க முடியுமா என்று கிராம சபையில் கேட்க வேண்டிய விஷயம் இது.

பெண்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தங்கிப் படிக்க அனுப்பாத வீடுகள்கூட, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றால் சம்மதிக்கின்றன. ஆனால் வகுப்பு முடியும் நேரமும் கடைசி பஸ் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இதையும் ஊரில் போய் நின்றால்தான் தெரியும்.

மாணவர்களின் செலவையும் பேச வேண்டும். 2024இல் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தபோது, முன்னணி 500 நிறுவனங்களில் சேரும் இளைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றது. நல்லதுதான். கிராமத்தில் வேலை செய்யப் போகும் சமூகப்பணி மாணவர் மட்டும் ரூம் வாடகை, மெஸ், பஸ் எல்லாவற்றையும் வீட்டுக் காசில் பார்த்துக்கொள்கிறார். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வேறு வழியில்லாமல் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே பெயருக்கு ஓர் இடம் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பயிற்சி நிலையத்து விடுதியில் ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஏப்ரலிலேயே பயிற்சி நிலையத்திடம் போன வருஷப் பட்டியலைக் கேளுங்கள். உள்ளூர்க் குழுவிலிருந்து ஓர் அக்காவைத் துணைக்கு அனுப்பச் சொல்லுங்கள், தனியாகப் போனால் கதவு பாதிதான் திறக்கும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலமாகப் போகட்டும். அறிக்கையில் ஒரு நகல் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போகட்டும், மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் அதை வைக்கக்கூடியவர் அவர்தான். வீடு தேடிப் போகும்போது கேட்க நான் பயன்படுத்தும் கேள்விப் படிவம் தமிழில் இருக்கிறது, இரண்டே பக்கம். இந்த மே மாதம் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.