பராமரிப்புக்கு ஒரு பத்தி போதாது

வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருளான சாட்பாட்டுக்கு, கேள்வி-பதில் தொகுப்பை உருவாக்கும் முறையை நான் படித்த ஒரு கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதைப் பராமரிப்பதற்கு ஒரே ஒரு பத்திதான். முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

கேள்விகளை அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதக் கூடாது. 'பணத்தைத் திரும்பப் பெறும் நடைமுறை யாது?' என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. 'காசு இன்னும் வரல', 'கேன்சல் பண்ணா பணம் கிடைக்குமா' என்றுதான் தட்டுகிறார்கள், அதுவும் பலர் ஆங்கில எழுத்தில். இவை இரண்டும் ஒரே கேள்வியும் அல்ல. முதலாமவர் பணத்துக்குக் காத்திருக்கிறார், அடுத்தவர் இன்னும் ரத்தே செய்யவில்லை. ஒரே பதிலில் அடக்கினால் இருவருக்குமே பயனில்லை. பழைய உரையாடல் பதிவுகளையும், 'புரியவில்லை' என்று சாட்பாட் கைவிரித்த கேள்விகளையும் வாராவாரம் ஒரு மனிதர் படித்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பாளரும் மறுபார்வைத் தேதியும் வேண்டும். பதில்கள் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று ஏர் கனடா விமான நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உறவினர் இறப்புக்காகப் பயணிப்போருக்கான கட்டணச் சலுகை பற்றி நிறுவனத்தின் இணையதளப் பக்கம் ஒரு விதமாகச் சொல்ல, அதன் சாட்பாட் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. இரண்டுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது தீர்ப்பாயம்.

எல்எல்எம் (ஏராளமான உரைகளைப் படித்துப் பழகி, தானே பதில் எழுதும் ஏஐ) வந்துவிட்டது, ஆவணங்களை அப்படியே கொடுத்தால் போதும் என்கிறார்கள். பழைய விதியும் புதிய விதியும் அருகருகே கிடந்தால் அது எதை எடுக்கும்? விதி மாறிய அன்றே பழைய பதிலை நீக்குங்கள், புதியதைச் சேர்ப்பது மட்டும் போதாது.