அந்த மேசையில் நானும் இருந்தேன்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சாப்பாடு போடும் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து, நாக்கு மரக்கிறது, கெமிக்கல் கலக்குகிறார்கள் என்று என் நண்பன் பேசிய வீடியோ மூன்று நாளாக எல்லார் கைக்கும் வந்திருக்கும். நான் திரும்ப இங்கே போடப் போவதில்லை. ஓரத்தில் தெரியும் நீலச் சட்டையை வைத்து என்னைக் கண்டுபிடித்து, "நீயும்தானே இருந்தே, உனக்கும் நாக்கு மரத்துப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருந்தேன். மரத்துத்தான் போனது. அந்தச் சமையலே அப்படித்தான்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஆறு மேசை போட்ட சின்னக் கடை. நடத்துகிறவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். சிங்கப்பூரில் ஒரு சிச்சுவான் உணவகத்தின் அடுப்படியில் ஒன்பது வருடம் நின்று தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். சிச்சுவான் சாப்பாடு என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் ஐந்து பேரும் உள்ளே போனோம். போய் உட்கார்ந்ததும் நண்பன் கேட்டது கோபி மஞ்சூரியன். இல்லை என்றார்கள். அங்கேயே முகம் மாறிவிட்டது.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். யார் வேண்டாம் என்றது? "இது சைனீஸே இல்லை, ஏதோ கெமிக்கல் கலக்குறாங்க, உஷார் மக்களே" என்று ஒரு மனிதனின் பிழைப்பின் மேல் கைவைக்க உனக்கு என்ன தெரியும்?

வீடியோவில் வெட்டி எறிந்த ஒரு பகுதி இருக்கிறது. நாக்கு மரக்கிறது என்று சத்தம் போட்டதும் அவரே அடுப்படியிலிருந்து வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் காய்ந்த தோல்கள். மிளகு அளவுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம், வாய் பிளந்து உள்ளே விதை இல்லாமல். மோந்து பாருங்க என்று நீட்டினார். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. சிச்சுவான் மிளகு என்கிறார்கள், ஆனால் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சை, நாரத்தை குடும்பத்து மரம். அதில் இருக்கிற சான்ஷூல் என்ற பொருள்தான் நாக்கைச் சுறுசுறுவென்று மரக்க வைக்கிறது. அந்த ஊர்ச் சமையலின் இந்தச் சுவைக்கே 'மாலா' என்று பெயர். 'மா' மரப்பு, 'லா' காரம். அதே இனத்து மரத்தின் காயைக் கொங்கணத்தில் திர்பல் என்று மீன் குழம்பில் போடுகிறார்கள். இத்தனையும் அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீடியோவில் ஒரு நொடிகூட இல்லை.

"நமக்குத் தெரிஞ்ச சைனீஸ் இது இல்லையே" என்கிறார்கள். நமக்குத் தெரிந்த மஞ்சூரியன் 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்பவர் சிக்கனை வைத்து உருவாக்கியது. மஞ்சூரியா சீனாவின் வடகிழக்கு மூலை, சிச்சுவான் தென்மேற்கு. சிச்சுவான் மாகாணத்தில் மட்டும் 8 கோடிப் பேருக்கு மேல், தமிழ்நாட்டைவிட அதிகம். அத்தனை பேரும் சாப்பிடுவது சைனீஸ் இல்லையாம், நம் தெருமுனை வண்டியில் கிடைப்பதுதான் சைனீஸாம். மஞ்சூரியனை நான் மட்டம் தட்டவில்லை. ரோட்டுக்கடைக் காளானைச் சாயங்காலம் தவறாமல் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அதுவும் வேண்டும். அதை அளவுகோலாக வைத்து இன்னொருத்தரைத் திருடன் என்காதே என்றுதான் சொல்கிறேன்.

எண்ணெய் அதிகம் என்றார்கள். அதிகம்தான். சரி.

எனக்கு மனசு ஆறாதது அந்த லாஜிஜி விஷயம். சிச்சுவானை ஒட்டிய சோங்சிங் நகரத்துப் பக்கத்துக் கோழி வறுவல். தட்டு நிறைய வறுத்த வத்தல் மிளகாய், நடுநடுவே சின்னச் சின்னக் கோழித் துண்டு. மிளகாயை ஒதுக்கிவிட்டுக் கோழியைத் தேடி எடுத்துச் சாப்பிட வேண்டும். "320 ரூபாய்க்கு மிளகாயைக் கொட்டிக் குடுத்துட்டாங்க" என்று தட்டைத் தூக்கிக் காட்டியவனுக்குச் சொந்த ஊர் பள்ளிபாளையம்! மசாலாப் பொடி எதுவும் இல்லாமல், கிள்ளிப்போட்ட வரமிளகாயையும் தேங்காய்ச் சில்லையும் நம்பியே ஒரு கோழி வறுவலைச் செய்து பேர் வாங்கிய ஊர். அந்த மிளகாயை நாம் என்ன, மென்றா தின்கிறோம்? ஒதுக்கித்தானே வைக்கிறோம்?

"காசு குடுத்தவன் பேசக் கூடாதா?" பேசலாம். பிடிக்கவில்லை என்று பேசு. "ஒரு ஓட்டலுக்காக நண்பனை விட்டுக்கொடுக்கிறாயே" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

2009இல் பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருந்தோம். அம்மா ஒரு வாரம் வந்திருந்தார். முதல் நாள் அரிசியும் பருப்பும் ஆக்கினார். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, துவரம் பருப்பும் அரிசியும் ஒன்றாக வேகவைத்து, சுடச்சுட நெய் விட்டு. எங்கள் வீட்டில் பசி என்றால் அதுதான். அறைத்தோழன் ஒருத்தன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, சாம்பார் சாதத்துல சாம்பார் ஊத்த மறந்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். மறுநாளிலிருந்து ஊருக்குக் கிளம்பும் வரை கடையில் வாங்கிய பொடியில் புளியோதரையும், பாக்கெட் மசாலாவில் குருமாவும்தான். அரிசியும் பருப்பும் அந்த வீட்டில் அப்புறம் ஆக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

வீடியோவில் நான் சிரிக்கவில்லை, நன்றாகப் பாருங்கள். ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றபோது "டேய், அவர் சொல்றதைக் கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று மத்தியானம் தனியாகப் போனேன். ஆறு மேசையில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கோபி மஞ்சூரியன் கிடைக்கும்'. நான் லாஜிஜி கேட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. குறித்துக்கொண்டு உள்ளே போனவர் வாசற்படியில் நின்று திரும்பிக் கேட்டார்:

"ஏனுங்க, மொளகா கொறச்சுப் போட்டுரட்டுங்களா?"