வாடிக்கையாளர் கட்டணம் உண்மையில் யார் பணம்?

தனியாக வேலை எடுத்துச் செய்யும் நம்மை வேலை கொடுப்பவர்களோடு இணைக்கும் அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தை உயர்த்தும்போதெல்லாம், அது வேலை கொடுப்பவர் பாடு, நமக்கு அதில் நட்டமில்லை என்று நம்மில் பலர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பல ஆண்டுகளாக இத்தளங்களின் வருமானத்தையே நம்பி வாழ்பவன் என்ற முறையில் இதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். பில் யார் பெயரில் வருகிறது என்பது வேறு, பணம் யாரிடமிருந்து குறைகிறது என்பது வேறு.

ஒரு வேலைக்கு வாடிக்கையாளர் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே தொகைதான். கட்டணத்துக்கென்று தனியாக அவர் எதையும் எடுத்து வைப்பதில்லை. அவர் ஒதுக்கியது 500 டாலர் என்றும், தளம் அவரிடம் 5 விழுக்காடு வாங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து 500-க்குள் முடிய வேண்டுமானால், ஒப்பந்தத்தில் அவர் எழுதக்கூடிய தொகை 476 டாலர். அதிலிருந்து நம் பங்குக் கட்டணமாக 10 விழுக்காடு போனால் நம் கணக்குக்கு வருவது சுமார் 428 டாலர். வாடிக்கையாளர் கட்டணம் இல்லாதிருந்தால் நமக்கு 450 வந்திருக்கும். பணத்தை வங்கிக்கு மாற்றும் செலவும் நாணய மாற்றில் போவதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பேரம் பேசும்போது “என்னுடைய பட்ஜெட் இவ்வளவுதான், கொஞ்சம் குறைக்க முடியுமா?” என்று கேட்கிறாரே, அந்தக் ‘கொஞ்சம்’ பல நேரங்களில் தளத்தின் கட்டணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய திரையில் தெரியும் மொத்தம் நமக்குத் தெரியாததால், நம் வேலையை அவர் மலிவாக மதிக்கிறார் என்று எண்ணி மனம் புண்படுகிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. அப்வொர்க்கின் முன்னோடியான ஓடெஸ்க் காலத்தில் கட்டணம் 10 விழுக்காடு. நமக்குக் கிடைப்பது எவ்வளவு, வாடிக்கையாளர் தருவது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளும் அருகருகே தெரிந்தன. ஓடெஸ்கும் ஈலான்ஸ் என்ற இன்னொரு தளமும் இணைந்து 2015-இல் அப்வொர்க் ஆன பிறகு, 2016-இல் ஒரு வாடிக்கையாளரிடம் ஈட்டும் முதல் 500 டாலருக்கு 20 விழுக்காடு, அதற்கு மேல் 10, பத்தாயிரத்துக்கு மேல் 5 என்று படிமுறை வந்தது. அதே ஆண்டில் வாடிக்கையாளரிடம் 2.75 விழுக்காடு வாங்கும் வழக்கமும் தொடங்கி, பின்னர் படிப்படியாக ஏறியது. 2023-இல் நம் பங்கு ஒரே சீராக 10 ஆனது. 2025-இல் அதுவும் மாறி, வேலைக்கு வேலை 0 முதல் 15 விழுக்காடு வரை என்றாயிற்று. ஃபைவரிலோ 1000 டாலர் வேலைக்கு வாங்குபவர் 1055 தருகிறார், செய்பவருக்கு 800 வருகிறது. இடையில் நிற்பது 255. சிறிய ஆர்டர் என்றால் அதற்கும் மேல் ஒரு தனித் தொகை உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது விழுக்காட்டுக் கணக்குகூட இல்லை, நிலையான தொகையாக வாங்கும் கட்டணம்தான். 2023-இல் அப்வொர்க் ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்துக்கும் வாடிக்கையாளரிடம் 4.95 டாலர் தொடக்கக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆயிரம் டாலர் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 30 டாலர் சோதனை வேலைக்கோ அது அன்று 16.5 விழுக்காடாக இருந்தது. புதிதாக வருபவர் உள்ளே நுழையும் வாசலே இந்தச் சோதனை வேலைதான். முன்பெல்லாம் ஒரு வாடிக்கையாளர் மூன்று பேருக்கு ஆளுக்கொரு பக்கம் கொடுத்துப் பார்ப்பார். ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத ஒருவரும் அந்த மூவரில் இருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்றானதும், ஏற்கெனவே நூறு ரிவ்யூ வைத்திருப்பவரையே நேரே அழைத்துக்கொள்வது அவருக்கு லாபம். இதனால் எனக்கு வேலை கூடலாம். ஆனாலும் இது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை; அந்த வாசல் வழியாக வந்தவன்தான் நானும்.

தளங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரிடம் வேலை செய்யும்போது பணம் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளத்தின் பொறுப்பில், இருக்கிறது என்ற நிம்மதி பெரிது. தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சேவை வளர்ந்ததால்தான் விலை ஏறுகிறது என்று நம்ப என்னால் முடியவில்லை. இவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை முன்போல் பெருகாதபோது, நடக்கும் வேலையிலிருந்து எடுக்கும் பங்கைக் கூட்டித்தான் வருவாயில் வளர்ச்சி காட்ட முடிகிறது. முதலீட்டாளர்கள் ‘டேக் ரேட்’ என்று சொல்லும் அந்தப் பங்கு, விளம்பரம் உள்ளிட்ட பிற வரவுகளையும் சேர்த்து, ஃபைவரில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எளிதில் வேறிடம் போக முடியாதவர் தலையில்தான் எந்தச் சுமையும் வந்து இறங்கும். வாடிக்கையாளர் நாளைக்கே ஓர் ஏஜென்சியிடம் போகலாம். நம் ரிவ்யூக்களையும் ரேட்டிங்கையும் நாம் எங்கும் எடுத்துச் செல்ல முடியாது.

கட்டணம் ஏற ஏற, “தளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே” என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் கூடுகிறார்கள். சம்மதித்தால் கணக்கு முடக்கப்படலாம், எஸ்க்ரோ பாதுகாப்பும் போய்விடும். மறுத்தால் வேலை போகலாம். முறைப்படி வெளியேற அப்வொர்க்கில் வழி உண்டு. அந்த வாடிக்கையாளரோடு தளத்தின் வழியாகத் தொடர்பு தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் அல்லது அதற்கென உள்ள கட்டணத்தைக் கட்ட வேண்டும். கேட்பவர் அவர், விதியை எடுத்துச் சொல்லி அவருடைய முகச்சுளிப்பை ஏற்பது நாம்.

கட்டணமே கூடாது என்பது என் கோரிக்கை இல்லை. வாடிக்கையாளர் தரும் மொத்தம், தளம் இரு பக்கமும் எடுப்பது, நம் கைக்கு வருவது ஆகிய மூன்றும் ஒப்பந்தம் எழுதும்போதே இருவர் திரையிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழான சோதனை வேலைகளுக்குத் தொடக்கக் கட்டணம் இருக்கக் கூடாது. அதுவரை நான் செய்வது இரண்டு. விலை சொல்லும்போது, தளக் கட்டணத்தைச் சேர்த்து வாடிக்கையாளருக்கு ஆகும் மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன். பேரம் அந்தத் தொகையிலிருந்தே தொடங்குகிறது. தொடர்ந்து வருபவரிடம் புதிய ஒப்பந்தம் போடாமல், பழைய ஒப்பந்தத்திலேயே அடுத்த வேலையை மைல்ஸ்டோனாக, அதாவது அதே ஒப்பந்தத்தின் இன்னொரு கட்டமாக, சேர்க்கச் சொல்கிறேன். தொடக்கக் கட்டணம் மறுபடி விழாது.