வாட்டில் இருந்த புத்தக அலுமாரி

நம்ம ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த புத்தக அலுமாரியைத் தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. நம்ம பிள்ளைகள் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்த புத்தகங்கள். ஒரு மாதம்கூட வாட்டில் இருக்கவில்லை. இப்போது ஸ்டோரில், உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் கிடக்கின்றன. தூக்கியது சரிதான் என்று எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

"மருந்துக்கே வெளியில் சீட்டு எழுதுகிறார்கள், இதில் புத்தகம் ஒரு கேடா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மருந்து வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டும் வேண்டும்.

கிருமி பரவுமாம். சரி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டாம். மற்ற வாட்டுகளில் பிளாஸ்டிக் உறை போட்டுத் துடைத்துக் கொடுக்கலாமே. இஃப்லா என்ற சர்வதேச நூலகக் கூட்டமைப்பு நோயாளர் நூலகங்களுக்கென்றே 2000ஆம் ஆண்டில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எழும்ப முடியாதவரின் கட்டிலுக்கே தள்ளுவண்டியில் புத்தகம் கொண்டுபோவது வரை அதில் இருக்கிறது.

ஆனால் "தோட்டத்துச் சனம் எங்க வாசிக்கப் போகுது" என்று எழுதினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கால் முறிந்து 19 நாள் வாட்டில் கிடந்தார். ஒருநாள் வடை வாங்கிப் போனேன். வடையை ஓரமாக வைத்துவிட்டு, சுற்றியிருந்த பேப்பரைப் போர்வைமேல் விரித்து உள்ளங்கையால் நீவினார். எண்ணெய் ஊறிய இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கிழிந்த ஓரம்வரை ஒரு கதையை வாசித்தார். "இதோட மிச்சம் எங்கய்யா?" என்று கேட்டார். கடைக்கு ஓடினேன். மிச்சத் தாளில் அதற்குள் வேறு யாருக்கோ வடை சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாட்டில் பத்திரிகை இல்லாமல் இல்லை. சிங்களப் பத்திரிகை இருந்தது. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. அப்புறமும் கட்டில் தலைமாட்டில் சிங்களத்தில் எழுதி ஒட்டியிருந்ததைப் பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா சொல்லித்தான் அம்மா தெரிந்துகொண்டார். மொழியை இழுக்கிறேன் என்பீர்கள். இந்த அலுமாரியில் சிங்களப் புத்தகங்களும் இருந்தன. அந்த அக்காவைப் போன்றவர்களுக்கும்தான் இது நட்டம்.

அலுமாரியைத் திருப்பி வையுங்கள். உறை போடும் செலவை நான் தருகிறேன். துடைக்க ஆளில்லை என்றால் ஞாயிறுதோறும் நானே வருகிறேன். அம்மா சேர்த்து வைத்த வார இதழ்கள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன, அவற்றையும் கொண்டுவருகிறேன்.