‘கில்’ என்றாலே தேவாலயமா?

அயர்லாந்தில் ‘கில்’ என்று தொடங்கும் ஊரெல்லாம் பழைய தேவாலயம் இருந்த இடம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஆங்கில எழுத்தில் ‘கில்’ ஆகிப்போனவை இரண்டு ஐரிஷ் சொற்கள்: தேவாலயத்தைக் குறிக்கும் ‘கில்’ (cill), காட்டைக் குறிக்கும் ‘குவில்’ (coill). ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் வேறுபாடு மறைந்துவிட்டது.

பின்னொட்டு புனிதர் பெயரானால் கவலையில்லை, தேவாலயம்தான். கில்கென்னி என்பது புனித கெய்னெக்கின் தேவாலயம். சிக்கல் ‘பெரிய’ என்று பொருள்படும் ‘மோர்’ வரும்போது. இரண்டு சொற்களும் பெண்பால் என்பதால் அடைமொழியின் முதல் மெய் இரண்டிலும் ஒரேபோல் மென்மையாகும். ஆக, இலக்கணம் கைகொடுக்காது. கேவன் கவுண்டியின் கில்மோர் பெரிய தேவாலயம். கால்வேயின் கைல்மோரோ பெருங்காடு.

மரத்தின் பெயர் இருந்தால் காடு என்று முடிவுகட்டவும் வேண்டாம். கில்டேர் ஓக் மரத்துத் தேவாலயம். கார்க் கவுண்டியின் யால் ஊரில் காடு சொல்லின் கடைசியில் ஒளிந்திருக்கிறது: ஐரிஷில் ‘ஓகில்’ (Eochaill), அதாவது யூ மரக்காடு.

ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொன்னால் இப்படித்தான் சறுக்கும். 1824இல் தொடங்கிய நில அளவைக்காக ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓ’டோனவன் பழைய ஆவணங்களின் எழுத்துவடிவங்களைத் திரட்டி, உள்ளூர் ஐரிஷ் பேச்சாளர்கள் உச்சரிப்பதையும் கேட்ட பிறகே பெயரைப் பிரித்தார். நீங்களும் முதலில் ஐரிஷ் வடிவத்தைத் தேடுங்கள்; அதில் ‘கில்’ வரும் பகுதியில் ‘ஓ’ (o) எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.